வேனிலின் நிறங்கள்: தொடக்கநிலை வகுப்பறையில் கோடைகால வண்ணம் தீட்டும் தாள்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்க வகுப்புகளில் கோடை விடுமுறையை ஒட்டி வழங்கப்பெறும் வண்ணம் தீட்டும் தாள்களை ஒரு பனுவலாகக் கொண்டு, அவை குழந்தைக்குக் காட்டும் வேனிலை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தாள்களின் தோற்ற வரலாறு, அவற்றின் மீதான கலைக்கல்வியாளர் மறுப்பு, அவற்றுக்காகச் சொல்லத்தக்க நியாயம் ஆகியன முதலில் நோக்கப்பெறுகின்றன. பின்னர், தொல்காப்பியம் முதலாகத் தமிழ் மரபு வேனிலைக் கண்ட முறையோடும் இன்றைய தமிழ்நாட்டுக் குழந்தையின் வேனில் அனுபவத்தோடும் அத்தாள்கள் ஒப்பிடப்பெறுகின்றன. தாளில் உள்ள படங்கள் அயல்நாட்டவை என்பதைக் காட்டிலும், பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் குழந்தையின் கைக்கு வேலை தருகின்றன என்பதே கவலைக்குரியது என இக்கட்டுரை கருதுகிறது.

திறவுச்சொற்கள்: வேனில், வண்ணம் தீட்டுதல், தொடக்கக் கல்வி, பாலைத்திணை, இளவேனிற்பத்து, மாமை, கலைக்கல்வி.

முன்னுரை

ஆண்டுத்தேர்வு முடியும் தறுவாயில், தொடக்கப்பள்ளிகளின் ஒன்று, இரண்டாம் வகுப்பு மேசைகளில் ஒருவகைத் தாள் தவறாமல் வந்து சேர்கிறது. அதன் மேல்விளிம்பில் ‘கோடைக்காலம்’ என்றோ ‘இனிய கோடை விடுமுறை’ என்றோ உள்ளீடற்ற பெரிய எழுத்துகள் இருக்கும். நடுவே கடற்கரை. அங்கே ஒரு பெரிய குடை, மணல்வாளி, மணற்கோட்டை, காற்றடைத்த பந்து, கூம்பில் ஐஸ்கிரீம், ஒரு கீற்றுத் தர்பூசணி. மூலையில் ஞாயிறு. அந்த ஞாயிறு சிரிக்கும். பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருக்கும். குழந்தையின் பணி இக்கோடுகளுக்குள் நிறம் நிரப்புவது. கோட்டைத் தாண்டாமல் நிரப்பிய தாள் சுவரில் ஒட்டப்பெறும். தாண்டியது பையில் மடங்கிப் போகும்.

இத்தாளைப் பொருட்படுத்தி ஆராய்வார் இலர். பாடநூலின் மொழிநடை, கதைத்தேர்வு, பாலினச் சித்திரிப்பு முதலியன தமிழ் ஆய்வுலகில் பேசப்பட்டுள்ளன. பாடநூலுக்கு வெளியே, நகலெடுத்த ஒற்றைத் தாளாக வந்து போகும் இப்பனுவலோ கண்டுகொள்ளப்படுவதில்லை. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்காத ஐந்து, ஆறு அகவைக் குழந்தை முழுமையாக ‘வாசிக்கும்’ முதற்பனுவல்களுள் இதுவும் ஒன்று. ஒரு பாடலைக் குழந்தை சில நொடிகளில் பாடி முடிக்கிறது. இத்தாளோடு அரைமணி நேரம் இருக்கிறது.

தாள் வந்த வழி

அச்சிட்ட கோட்டுருவத்துள் நிறம் நிரப்பும் நூல் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. நியூயார்க்கின் மெக்லாக்லின் உடன்பிறந்தார் பதிப்பகம் 1879 அளவில், கேட் கிரீன்அவே என்னும் ஆங்கில ஓவியரின் படங்களைக் கொண்டு வெளியிட்ட சிறுவர் வண்ணநூல் இவ்வகையின் முன்னோடியாகக் குறிக்கப்பெறுகிறது. அப்போது குழந்தைக்குத் தூரிகையும் நீர்வண்ணமும் வேண்டியிருந்தன. 1903இல் பின்னி – ஸ்மித் நிறுவனம் கிரயோலா என்னும் பெயரில் எட்டு நிற மெழுகு வண்ணக்கோல்களை ஒரு பெட்டியில் அடக்கி விற்கத் தொடங்கியபின், நீரும் தூரிகையும் தேவையற்றுப் போயின. வகுப்பறை நனையாது, அழுக்காகாது என்னும் வசதியே இச்செயல்பாட்டைப் பள்ளிக்குள் நிலைபெறச் செய்தது எனலாம்.

கோடைத் தாளின் பருவக் கணக்கும் அந்நாட்டுக்கு உரியதே. அமெரிக்கப் பள்ளியாண்டு மே இறுதியிலோ ஜூனிலோ முடியும். நீண்ட குளிருக்குப் பின் வரும் வெயில் அங்கே விடுதலை. கடற்கரை அவ்விடுதலையின் இடம். ஆகவே ஞாயிறு சிரிப்பதற்கு அங்கு நியாயம் உண்டு. வலைத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் அத்தாள் தமிழ் வகுப்பறைக்கு வரும்போது, தலைப்பு மட்டுமே தமிழாகிறது. ஞாயிற்றின் சிரிப்பை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

மறுப்பும் நியாயமும்

கோட்டுருவத்துள் நிறம் நிரப்புவதைக் கலைக்கல்வியாளர் பலர் கடிந்துள்ளனர். ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் வியன்னாவில் குழந்தைகளுக்கெனக் கலைவகுப்பைத் தொடங்கியது முதல், குழந்தையின் கோடு குழந்தையுடையதாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வெளியிட்ட, படைப்பாற்றலும் உளவளர்ச்சியும் பற்றிய நூலில் இக்கருத்தை மிகக் கடுமையாக முன்வைத்தார். ஒரு குழந்தை தானே வரைந்த பறவை, அது பின்னர்ப் பயிற்சித்தாளில் நிறம் தீட்டிய பறவை, அதன்பின் மீண்டும் தானே வரைந்த பறவை என மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது அந்நூலின் புகழ்பெற்ற சான்றாகும். மூன்றாவது படத்தில் முதற்பறவையின் உயிர்ப்பு இல்லை. பயிற்சித்தாளின் பறவையே திரும்ப வருகிறது. பெரியவர் வரைந்த செம்மையான கோட்டின் முன் குழந்தை தன் கோட்டை நம்பாமற் போகிறது என்பதே லோவன்ஃபெல்டின் வாதம்.

இந்தியச் சிந்தனையிலும் இதற்கு இணையான குரல் உண்டு. எழுத்துகளை எழுதும் முன் குழந்தை வரையக் கற்க வேண்டும் என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில், தம் கையெழுத்து நன்றாக அமையாமையை எண்ணி வருந்தும் இடத்தில் குறிப்பிடுகிறார். எழுத்தையும் ஒரு பொருளைப் போலப் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் கருத்து. சேவாகிராமத்தின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை கற்பித்த தேவி பிரசாத், கலையைக் கல்வியின் அடிப்படையாகக் கொண்டு எழுதியதும் இவ்வழியிலேயே. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் கலையைப் பாடங்களுக்கு இடைப்பட்ட ஓய்வாகக் கருதாமல் பாடங்களோடு இணைந்ததாகக் கொள்ள வலியுறுத்தியது.

தமிழ்ச்சொல்லே இக்கருத்துக்குச் சான்றாய் நிற்பது நோக்கத்தக்கது. ‘எழுதுதல்’ என்பது பண்டைத் தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. மை தீட்டுதலைக் கண்ணெழுதுதல் என்றனர். பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. வரைதலும் எழுதுதலும் ஒரே கையின் ஒரே வினையாக இருந்த மொழியில், இன்று குழந்தை எழுதுவதற்குக் கோடிட்ட ஏடும் நிறம் நிரப்புவதற்குக் கோட்டுருவத் தாளும் தனித்தனியே பெறுகிறது. வரைவதற்கு வெற்றுத்தாள் பெறுவதுதான் அரிதாகியிருக்கிறது.

எனினும், மறுப்பாளர் பக்கமே முழுதும் நின்றுவிடுதல் நேர்மையாகாது. மரியா மாண்டிசோரி உலோக வடிவங்களின் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, அதனுள் வண்ணப் பென்சிலால் நெருக்கமான கோடுகளை நிரப்பும் பயிற்சியை எழுதுதற்கான ஆயத்தமாகவே வகுத்தார். விரல்களின் பிடி, அழுத்தம், நிறுத்தம் ஆகியன அதில் பழகுகின்றன. விளிம்பைக் குழந்தையின் கையே சுற்றி வருகிறது என்பது அங்குள்ள வேறுபாடு. நகலெடுத்த தாளிலோ விளிம்பு முன்பே முடிந்துவிடுகிறது. மேலும், இடவலமாக விரைந்து நிரப்பும் அசைவு, அ, இ, ஞ, ண போன்ற சுழி நிறைந்த தமிழெழுத்துகளுக்கு எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதும் எண்ணத்தக்கது. அவ்வகையில் புள்ளிக்கோலம் இதனினும் நல்ல பயிற்சி. அங்குப் புள்ளி மட்டுமே தரப்படுகிறது. வளைந்து, சுழித்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு போடுபவருடையது.

மற்றொரு நியாயம் வகுப்பறைச் சூழலிலிருந்து எழுவது. கலைக்கல்வி நூல்கள் பெரும்பாலும் இதைக் காண்பதில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறார். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கற்பிக்கும் பொழுதில் ஒன்றாம் வகுப்பின் கைகளுக்கு ஏதேனும் வேலை வேண்டும். ஒலி எழுப்பாத, விளக்கம் வேண்டாத, இருபது நிமிடம் நீளும் வேலை வேறு எது? 2022இல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்து ஒரே வகுப்பில் வெவ்வேறு செயல்பாடுகளைத் தருமாறு கோருகிறது. இந்நிலையில் வண்ணத்தாளை நாடும் ஆசிரியரைச் சோம்பலுடையவர் என்பது பொருந்தாத குற்றச்சாட்டு. தாள் அவருக்குத் துணை. அத்துணை என்ன காட்டுகிறது என்பதே கேள்வி.

வேனில் என்னும் பொழுது

தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பகுக்கிறது. அவற்றுள் இளவேனிலுக்குச் சித்திரை, வைகாசியையும் முதுவேனிலுக்கு ஆனி, ஆடியையும் உரையாசிரியர் வகுப்பர். அகத்திணை இயலில் வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியனவாகின்றன. நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உண்டாயினும், எற்பாடே அதற்குச் சிறுபொழுது. அதாவது, தமிழ் மரபில் கடற்கரைக்குக் கோடை தனியுரிமை உடையதன்று. கோடையின் நிலம் பாலை. அந்நிலமும் இயற்கையில் தனியே இருப்பதன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை சொல்கிறது. வேனில் ஒரு காட்சி என்பதைவிட ஒரு மாற்றம் என்பதே பொருந்தும். நேற்றுக் காடாக இருந்தது இன்று வழிப்போக்கர் அஞ்சும் வெளியாகிறது.

‘கோடை’ என்னும் சொல்லும் இவ்வாறே. பழந்தமிழில் அது மேற்கிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயர். கொண்டல், தென்றல், வாடை என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டது. காற்றின் பெயர் பருவத்தின் பெயரானது. கோடைத் தாளில் காற்று மட்டும் இல்லை. கோட்டுருவத்துள் அதை அடைக்க இயலாது. சருகு பறப்பதையும் புழுதி எழுவதையும் வரையச் சொன்னால் ஆறு அகவைக் குழந்தை தாள் முழுதும் சுழற்றிக் கிறுக்கும். அக்கிறுக்கலே காற்றின் படம்.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவைத் தவிர்க்க வேண்டியுள்ளது. சங்கப் பாலை என்றவுடன் கள்ளி, பருந்து, நிழலற்ற நண்பகல் ஆகியனவே நினைவுக்கு வருகின்றன. நிறமற்ற பருவம் என்னும் எண்ணம் தோன்றுகிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியுள் அமைந்த இளவேனிற்பத்து (341–350) அதனை மறுக்கிறது. தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்பதே பத்துப் பாடல்களின் பொருளும். ஆனால் ஒவ்வொன்றிலும் பருவம் வந்ததற்கு வெவ்வேறு அடையாளம் காட்டப்பெறுகிறது. குயில் கூவுகிறது, வண்டு ஒலிக்கிறது, கோங்கு, பாதிரி, புன்கு, மராஅம், வேம்பு ஆகியன பூக்கின்றன. ‘இளவேனில்’ என்னும் சொல்லைத் தலைப்பாக்கி ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டாமல், பருவத்தை ஒவ்வொரு மரத்திலும் தேடிக் காணும் முறை இது. இப்பத்தும் பிரிவாற்றாமையைப் பாடுவன என்பது உண்மை. அவற்றைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. ஆனால் ஒரு பருவத்தை எவ்வாறு கவனிப்பது என்பதற்கு இதனினும் தெளிவான வகுப்புத் திட்டம் கிடைத்தல் அரிது.

கொன்றையைப் பற்றிய ஒரு குறிப்பும் இங்குப் பொருந்தும். சங்கச் செய்யுளில் கொன்றை கார்காலத்து மலர். வம்ப மழையைக் கார் என மயங்கிப் பூத்த கொன்றையைப் பேதைமை உடையது எனத் தோழி பழிக்கும் குறுந்தொகைப் பாடல் (66) பலரும் அறிந்தது. இன்று தெருவோரச் சரக்கொன்றை சித்திரை, வைகாசியிலேயே மஞ்சட் சரங்களைத் தொங்கவிடுகிறது. இலக்கியம் சொல்வதும் கண் காண்பதும் ஒவ்வாத இவ்விடத்தில், பள்ளிச் சுவரோரக் கொன்றை எந்த வாரம் பூத்தது என்று ஒரு வகுப்பு ஆண்டுதோறும் நிறத்தோடு குறித்துவைத்தால் அது நல்ல சான்றாகும்.

அயன்மையா, அடைப்பா?

ஐஸ்கிரீமை நீக்கி நுங்கை வைப்போம், கடற்கரைக் குடையை நீக்கிப் பனையோலை விசிறியை வைப்போம் என்பது எளிதில் தோன்றும் தீர்வு. தாய்மொழிவழிக் கல்விச் சூழலில் இவ்வாறான ‘மண்சார்’ தாள்கள் தயாரிக்கும் முயற்சி போற்றத்தக்கதே. எனினும் அது நோயின் பாதியையே தொடுகிறது. இன்றைய தமிழ்க் குழந்தைகளுள் ஐஸ்கிரீமைக் காணாதவர் அரியர்; மராமரத்தைக் கண்டவர் அவரினும் அரியர். கண்ணிற் காணாத மராமரத்தின் கோட்டுருவத்தில் பச்சை நிரப்பும் குழந்தைக்கும், கண்ணிற் காணாத மணற்கோட்டையில் பழுப்பு நிரப்பும் குழந்தைக்கும் வேறுபாடு மிகுதியில்லை. தர்பூசணி அயல்நாட்டுத் தாளிலும் உண்டு. திண்டிவனம் வட்டாரத்து வயலிலும் உண்டு. ஆனால் தாளில் அது எப்போதும் முக்கோணக் கீற்று. முழுப்பழத்தின் தோலில் ஓடும் கரும்பச்சை, இளம்பச்சை வரிகளை, அவை காம்பிலிருந்து புறப்பட்டு மறுமுனையில் கூடுவதை, அம்முக்கோணம் ஒருபோதும் கேட்பதில்லை.

ஆக, சிக்கல் படத்தின் நாட்டுரிமை பற்றியது மட்டுமன்று. தாள் தன்னளவில் நிறைந்து முடிந்திருக்கிறது. வெளியே பார்க்க வேண்டிய தேவையைக் குழந்தைக்கு அது விடுவதில்லை. ஞாயிறு மஞ்சள், வானம் நீலம், இலை பச்சை என்னும் விடைகள் தாளைத் தொடும் முன்பே முடிவாகியுள்ளன. ஜப்பானியக் குழந்தைகள் ஞாயிற்றைச் சிவப்பாகத் தீட்டுவர் என்பது நன்கறிந்த செய்தி. தமிழ் மரபும் செஞ்ஞாயிறு என்றே வழங்கியது. உண்மையில் சித்திரை நண்பகலில் ஞாயிறு நிறமே அற்றது. கண் கூசும் வெண்மை. அதை நேரே பார்த்தல் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லவேண்டியதும் ஆசிரியர் கடமை. நண்பகல் ஞாயிறு தரையில் என்ன செய்கிறது, நிழல் காலடியில் எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பார்க்கலாம். நிழலின் நிறம் கறுப்புத்தானா என்பதே ஒரு வகுப்புக்குப் போதும்.

சிரிக்கும் ஞாயிற்றிடம் மீண்டும் வரவேண்டியுள்ளது. மே மாதத் தொடக்கத்தில் பிறந்து ஏறத்தாழ 25 நாள் நிற்கும் கத்திரி வெயிலைத் தமிழ்நாட்டுக் குழந்தை பெயர்சொல்லி அறியும். 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க இருந்த பள்ளிகள் வெயிலின் கடுமையால் ஒத்திவைக்கப்பெற்று, தொடக்க வகுப்புகள் ஜூன் 14இல்தான் திறந்தன. 2024இலும் திறப்பு தள்ளிப்போனது. பள்ளித் திறப்பையே தள்ளிவைக்கும் ஞாயிற்றைக் கறுப்புக் கண்ணாடி அணிந்த தோழனாகக் காட்டும் தாள், குழந்தையின் உடல் அறிந்ததற்கு எதிராகப் பேசுகிறது. உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் பெற்றோர் உழைக்கும் குழந்தைக்கு இம்முரண் இன்னும் கூர்மையானது. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு விளைவது இவ்வெயிலில்தான். அக்குழந்தையின் கோடைப்படத்தில் வெண்மைக்கு நிறக்கோலே தேவையில்லை. தாளின் வெற்றிடமே உப்பு.

மாந்தளிரும் மேனியும்

கோடைத் தாளின் நடுவில் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ நிற்பதுண்டு. அவ்வுருவத்துக்கு நிறம் தீட்டும்போது, நிறக்கோற் பெட்டியிலிருந்து குழந்தை எடுப்பது வெளிர்ந்த இளஞ்சிவப்புக் கோலை. அதனை ‘ஸ்கின் கலர்’ என்றே நம் குழந்தைகள் வழங்குவர். அமெரிக்காவில் அத்தகைய நிறத்துக்குத் ‘தசை’ என்று இட்டிருந்த பெயரைக் கிரயோலா நிறுவனம் 1962இல் மாற்றிப் பீச் பழத்தின் பெயரை வைத்தது. அங்கே பெயர் மாறி அறுபதாண்டு கடந்தும், தமிழ் வகுப்பறையின் வாய்மொழியில் அப்பழைய பெயர் நிலைத்திருக்கிறது. தன் கையைத் தாளின் மேல் ஊன்றிக்கொண்டே, அக்கையின் நிறத்தில் இல்லாத ஒன்றை ‘மேனி நிறம்’ எனக் குழந்தை தீட்டுகிறது. தாளுக்கும் கைக்கும் இடையே ஓரங்குலமும் இல்லை. அவ்வோரங்குலத்தைப் பார்க்குமாறு தாள் சொல்லவில்லை. வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவாய் என்று வீட்டில் தடுக்கப்பெறும் பெண்குழந்தைக்கு, கோடைத் தாளின் வெளிறிய சிறுமி வேறு ஒன்றையும் கற்பிக்கிறாள்.

சங்க மரபு மேனிக்கு வைத்த நிறம் மாமை. அதனை மாந்தளிரோடு உவமித்தல் பழந்தமிழ் வழக்கு. மாமரம் தளிர்க்கும் பருவத்தில் இலை பச்சையாக இராது. செம்பும் கருஞ்சிவப்பும் கலந்த, ஒளி ஊடுருவும் ஒரு நிறம். வேப்பந்தளிரும் அவ்வாறே. மாசி, பங்குனியில் இலையுதிர்த்த வேம்பு மீண்டும் தளிர்க்கும்போது கிளைநுனிகள் செம்புநிறம் கொள்கின்றன. அக்காலம் பள்ளி நடைபெறும் காலமே. மாந்தளிர் ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, அதன் நிறத்தைப் பெட்டியில் தேடச் சொன்னால் கிடைக்காது. பழுப்பின் மேல் சிவப்பை அழுத்தி, அதன் மேல் மெல்லிய ஊதாவைத் தேய்த்து உண்டாக்கவேண்டும். உண்டாக்கியபின் அதே தாளைத் தன் முன்கையின் அருகே வைத்துப் பார்க்கலாம். உவமையின் பொருள் விளக்கமின்றியே புலப்படும். தமிழ்க் கவிதையின் அழகுணர்வைக் குறித்து மேல்வகுப்புகளில் பல பக்கங்களில் எழுதப்படுவதை, இரண்டாம் வகுப்புக் குழந்தை இரண்டு நிறக்கோல்களால் அடைய இயலும்.

தடைக்காலத்துக் கடற்கரை

கடற்கரையையே எடுத்துக்கொண்டாலும், தாள் காட்டும் கரை தமிழ்க் குழந்தைகளுள் ஒரு பகுதியினரின் வீட்டு வாசலுக்குப் பொருந்துவதன்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம்பெருக்கும் காலம் அது. தாளின் தொடுவானத்தில் ஒரு படகு எப்போதும் மிதக்கிறது. இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ வாழும் மீனவக் குழந்தையின் கோடையில் விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. சில கரையேற்றப்பட்டு அடிப்பலகை தெரிய நிற்கின்றன. நாட்டுப்படகுகள் மட்டுமே கடலில். தந்தையர் வலை பின்னுகின்றனர், எந்திரம் பழுதுபார்க்கப்படுகிறது, வருவாய் குறைந்து கடன் பேச்சு வீட்டில் மிகுகிறது. விடுமுறையும் வேலையின்மையும் ஒரே நாட்களில் வந்து சேரும் வீட்டில் கோடை என்பது இருநிறம் உடையது.

இக்குழந்தைகள் உள்ள வகுப்பில் ‘கோடையில் கடற்கரை’ என்னும் தலைப்பை வெற்றுத்தாளோடு தந்தால், அவர்கள் வரைவது எதுவாயினும் குடையும் மணற்கோட்டையும் ஆகாது என்று கருத இடமுண்டு. ஆசிரியருக்கு அதனால் கூடுதல் வேலையும் இல்லை. நகலெடுக்கும் செலவு மிச்சம். முதல் ஓரிரு வாரம் குழந்தைகள் தாளை வெறித்துப் பார்த்திருப்பர், “எனக்கு வரைய வராது” என்பர். இது லோவன்ஃபெல்டு சொன்ன நிலையே. அச்சிட்ட கோட்டுக்குப் பழகிய கை தன் கோட்டுக்கு அஞ்சுகிறது. அதற்காக அச்சிட்ட தாளை ஒரே நாளில் ஒழிக்கவேண்டியதில்லை. கூட்டுவகுப்பின் நெருக்கடியில் அது இருக்கட்டும். ஆனால் அரைத்தாள் அச்சும் அரைத்தாள் வெற்றிடமுமாக இருக்கட்டும். அச்சுப்பகுதியில் நுங்கின் வெளிவட்டம் மட்டும் இருக்கலாம். சீவியபின் தெரியும் கண்கள் எத்தனை, எங்கெங்கு என்பதைக் குழந்தை நிரப்பட்டும். நுங்கின் சுளை எந்த நிறம் என்று ஒரு குழந்தையாவது கேட்கும். அதற்கு நிறக்கோற் பெட்டியில் விடையில்லை. வெற்றுத்தாளின் வெண்மையும் விளிம்பில் ஒரு மெல்லிய சாம்பலும் சேர்ந்தாலே அந்த ஊடுருவும் வெண்மை வரும். சுளையைத் தின்றபின் எஞ்சும் இரு கூந்தைகளையும் ஒரு கவைக்கோலையும் கொண்டு வண்டி செய்யத் தெரிந்தவர் வகுப்பில் இருவர் மூவராவது இருப்பர். அவர்கள் வழக்கமாகப் பின்வரிசையில் இருப்பவர்.

தடைக்காலத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்வோர் காணும் மற்றொரு காட்சியும் உண்டு. கரையேற்றிய படகின் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, விரிசலை அடைத்து, புதுவண்ணம் பூசுவர். பெயரும் பதிவெண்ணும் மீண்டும் எழுதப்படும். ஆண்டு முழுதும் உப்புநீரில் நிற்கவேண்டிய மரத்துக்கு எந்த வண்ணம், எத்தனை பூச்சு, எவ்வளவு நேரம் வெயிலில் உலரவேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். பள்ளிக்கு எதிரே நடக்கும் அக்கோடைகால வண்ணம் தீட்டலை, ஜூனில் திரும்பி வரும் குழந்தைகள் அருகிருந்து பார்த்தவர்கள். முதல்நாள் வகுப்பில் அவர்களிடம் கேட்பதற்கு அதுவே இருக்கிறது.